ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டு அழுகிறாள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எங்கள் மகளுக்கு 10 வயது. கணவருக்கு வேலை மாற்றல் வந்ததால் ஜூன் மாதம் கரூரிலிருந்து சென்னைக்குக் குடிவந்தோம். புதுப் பள்ளி, மூன்றாவது மாடி வீடு. எதற்கும் அவள் அடம்பிடிக்கவில்லை. "அப்பாவுக்கு ஏற்கெனவே டென்ஷன், நீ முகத்தைத் தூக்கி வச்சுக்காம இருந்தாலே போதும்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவைத்தேன். அப்படியே நடந்துகொண்டாள். கட்டிலுக்கு அடியில் அவளுடைய அட்டைப்பெட்டி ஒன்று மட்டும் இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது. கேட்டால் "அப்புறம் பிரிக்கலாம்மா" என்கிறாள்.

விடுமுறையில் மூவரும் 'இன்சைட் அவுட்' என்ற கார்ட்டூன் படம் பார்த்தோம். 11 வயது ரைலி, மின்னசோட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபோகிறாள். அவள் தலைக்குள் மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், அருவருப்பு என்று ஐந்து பேர். சிரித்துக்கொண்டுதான் பார்த்தோம். அதன்பிறகு இவள் ஒரே இடத்தையே போட்டுப் பார்க்கிறாள். ரைலியின் கற்பனைத் தோழன் பிங் பாங், பஞ்சுமிட்டாய் உடம்புக்காரன், வண்டியைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பானே, அந்த இடம். பார்த்துப் பார்த்து அழுகிறாள். பிறகு முகம் கழுவிவிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போகிறாள். "கார்ட்டூன் பார்த்து யாராவது அழுவாங்களா, அழிச்சிடு அதை" என்கிறார் கணவர். நிறுத்திவிடட்டுமா? பிள்ளைக்கு மனசில் ஏதாவது கோளாறா?

- ஒரு வாசகி, சென்னை

அன்புச் சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். அழுதுவிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போகிற பிள்ளையை நினைத்து நீங்கள் பயப்படும் அளவுக்கு எனக்குப் பயம் வரவில்லை.

அந்தக் காட்சியை அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். பிங் பாங்கின் ராக்கெட் வண்டியை நினைவுக் குப்பைக் குழியில் தள்ளிவிடுகிறார்கள். அவன் இடிந்துபோய் உட்கார்கிறான். மகிழ்ச்சி கோணங்கி காட்டுகிறாள், கிச்சுகிச்சு மூட்டுகிறாள், போகலாம் வா என்று அவசரப்படுத்துகிறாள். ஒன்றும் பலிக்கவில்லை. சோகம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டார்களே என்கிறாள். அவன் பழைய கதை சொல்கிறான், அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறான் (அவனுக்குக் கண்ணீருக்குப் பதில் மிட்டாய் கொட்டும்), எழுந்து நடக்கிறான். ஒருத்தி வந்து பக்கத்தில் உட்காரும் அந்த நிமிடத்துக்காகத்தான் உங்கள் மகள் திரும்பத் திரும்பப் போகிறாள் என்று எனக்குப் படுகிறது.

உங்கள் கணவருக்கு ஒரு தகவல். இயக்குநர் பீட் டாக்டரின் துறுதுறு மகள் 11 வயதில் அமைதியாகிப் போனாள். அதைப் பார்த்த அப்பாவின் குழப்பத்தில்தான் இந்தப் படமே பிறந்தது. பால் எக்மன், டாக்கர் கெல்ட்னர் என்ற உளவியலாளர்களிடம் யோசனை கேட்டார்கள். முதலில் மகிழ்ச்சிக்கு வழித்துணையாக எழுதப்பட்டது பயம்தான். கதை நகரவில்லை என்றுதான் பிறகு சோகத்தைக் கூட்டிவந்தார்கள். 2015இல் வெளியானது. அந்தக் காட்சியில் எனக்கும் கண் கலங்கியது. தொழில் பழக்கம் என்று சமாளித்தேன்.

இப்போது நான் சொல்வதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். படத்தில் ரைலியின் அம்மாவும் ஓர் இரவு அறைக்கு வந்து, அப்பாவுக்கு நெருக்கடி, நீ சிரித்த முகமாக இருந்தால் உதவியாக இருக்கும் என்பாள். அன்போடுதான் சொல்வாள். அதற்கப்புறம் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் அழ இடமில்லை. உங்கள் கடிதத்தில் நீங்கள் மகளிடம் சொன்ன வரியை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். குடிமாறும் அலைச்சலில் எந்த அம்மாவும் சொல்லக்கூடியதுதான். ஆனால் அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டாள்.

அதை நீங்களே எடுத்துவிடுங்கள். "அப்போ அப்படிச் சொன்னேன்ல, இனி அது வேண்டாம்டா" என்றால் போதும். அப்புறம், கரூரில் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறதோ அதைச் சொல்லுங்கள். அப்பாவும் சொல்லட்டும். ரைலி கடைசியில் ஊர் ஞாபகத்தில் உடைந்து அழும்போது அவள் பெற்றோர் செய்வதும் அவ்வளவுதான்; தங்களுக்கும் அங்கே எதெது பிடித்திருந்தது என்று சொல்வார்கள். அவள் பேசும்போது "இங்கே பீச் இருக்கே" என்று மட்டும் குறுக்கே விழாதீர்கள்.

தூக்கம், சாப்பாடு கெட்டாலோ, காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுத்தாலோ, அது இரண்டு வாரம் நீடித்தால் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற மாதிரி ஏதாவது சொன்னால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் (டெலிமானஸ்) 14416, எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை.

அந்த அட்டைப்பெட்டியை நீங்களாகப் பிரித்து அடுக்கிவிடாதீர்கள். அவள் இழுத்து வெளியே வைக்கும் நாளில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்காருங்கள். ஒவ்வொன்றாக அவளே எடுத்துக் காட்டட்டும்.