வேக வரம்பு வைத்தும் வேகம் குறையவில்லையா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பாச்சி 2.4 வெப் சர்வரில், பெரிய கோப்புகள் இருக்கும் ஃபோல்டருக்கு மட்டும் விநாடிக்கு 400 கிலோபைட் என்று வேக வரம்பு வைத்திருக்கிறேன். அதற்கான வரிகளை இஃப்மாட்யூல் அடைப்புக்குள் எழுதினேன். அமைவுக் கோப்பைச் சோதித்தால் பிழை இல்லை என்றே வருகிறது. சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கியும் பார்த்துவிட்டேன். ஆனால் பதிவிறக்கம் முழு வேகத்தில்தான் போகிறது. எங்கே தவறு?

பதில்: வேக வரம்பை அமல்படுத்தும் துணைப்பகுதியான ரேட்லிமிட் மாட்யூல் உங்கள் சர்வரில் ஏற்றப்படவே இல்லை என்பதுதான் என் முதல் சந்தேகம். அதை உங்கள் கண்ணிலிருந்து மறைப்பது, ஒரு பாதுகாப்புக்காக நீங்கள் போட்ட அந்த இஃப்மாட்யூல் அடைப்பு. 'இந்த மாட்யூல் இருந்தால் மட்டும் உள்ளே இருப்பதைப் படி' என்பதே அந்த அடைப்பின் பொருள். மாட்யூல் ஏற்றப்படாமல் இருந்தாலும், அடைப்பில் எழுதிய பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தாலும், உள்ளே இருக்கும் வரிகளை அப்பாச்சி சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். ஒரு முறை இப்படி அடிக்கோடு விட்டுப்போன ஒரு பெயரைத் தேடி நானே அரை நாளைத் தொலைத்திருக்கிறேன்.

அடைப்பை எடுத்துவிட்டால் சோதனையிலேயே பிழை தெரிந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். மற்ற பல மாட்யூல்களுக்கு அது சரி, இதற்குச் சரியில்லை. ரேட்லிமிட் மாட்யூலுக்கென்று சொந்தக் கட்டளை எதுவும் கிடையாது. தரவை வேகம் குறைத்து அனுப்பும் வடிகட்டியைப் பொருத்தும் செட்அவுட்புட்ஃபில்டர் கட்டளை அப்பாச்சியின் மையப் பகுதியைச் சேர்ந்தது. 400 என்ற எண்ணைத் தரும் செட்என்வ் வேறொரு மாட்யூலைச் சேர்ந்தது. ஆகையால் ரேட்லிமிட் இல்லாத சர்வரிலும் அந்த இரண்டு வரிகளும் இலக்கணப் பிழையின்றியே தேறிவிடும். வித்தியாசம் என்னவென்றால், அடைப்பு இல்லாதபோது ஒவ்வொரு கோரிக்கைக்கும் 'அறியாத வடிகட்டி, சேர்க்கப்படவில்லை' என்ற பொருளில் பிழைப் பதிவேட்டில் ஒரு வரி விழும். எனவே அடைப்பை நீக்கி, ஒரு கோப்பைப் பதிவிறக்கிவிட்டு, பிழைப் பதிவேட்டின் கடைசி வரிகளைப் பாருங்கள். ஏற்றப்பட்ட மாட்யூல்களின் பட்டியலை அச்சிடச் சொல்லிப் பார்த்தாலும் உண்மை தெரிந்துவிடும். டெபியன் வகை லினக்ஸ் என்றால் ஏ2என்மாட் கட்டளையால் மாட்யூலைச் சேர்த்து, சர்வரை மறுபடி தொடங்கினால் போதும்.

பட்டியலில் மாட்யூல் இருந்தும் வேகம் குறையவில்லை என்றால், எந்தக் கோப்பை வைத்துச் சோதித்தீர்கள் என்று பாருங்கள். தொடக்கத்தில் குறிப்பிட்ட அளவை முழு வேகத்தில் விட்டுவிட்டு, அதன் பிறகே வரம்பைப் பிடிக்கும் வசதி 2.4.24 முதல் இருக்கிறது. அதற்கு 10 மெகாபைட் கொடுத்துவிட்டு 5 மெகாபைட் கோப்பை இறக்கிப் பார்த்தால், வரம்பே இல்லாதது போலத்தான் தெரியும்.

கேள்வி: எங்கள் சர்வர் என்ஜின்எக்ஸில் (அப்பாச்சி போன்ற இன்னொரு வெப் சர்வர் மென்பொருள்) ஓடுகிறது. இணைப்பின் வேகம் விநாடிக்கு 100 மெகாபிட். லிமிட்_ரேட் கட்டளையில் 400கே என்று கொடுத்திருக்கிறோம். ஒரு கோப்பை இறக்கிப் பார்த்தால் வரம்பு சரியாகவே வேலை செய்கிறது. அப்படியிருந்தும் ஓரிருவர் மட்டும் பாதி இணைப்பை விழுங்கிவிடுகிறார்கள். இது எப்படி நடக்கிறது?

பதில்: நீங்கள் வைத்திருப்பது ஆளுக்கான வரம்பு அல்ல, கோரிக்கைக்கான வரம்பு. பலரும் இடறி விழும் இடம் இதுதான். பதிவிறக்க மேலாளர் மென்பொருள்கள் ஒரே கோப்பைப் பல துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஓர் இணைப்பு என்று ஒரே நேரத்தில் கேட்கின்றன. எட்டு இணைப்பு திறந்தால் எட்டுக்கும் தலா 400 கிலோபைட். மொத்தம் 3200 கிலோபைட், பிட் கணக்கில் சுமார் 26 மெகாபிட். இப்படி இரண்டு பேர் வந்தால் உங்கள் 100 மெகாபிட்டில் பாதி போய்விடுகிறது. அப்பாச்சியின் ரேட்லிமிட்டும் இதே கதைதான். அதுவும் ஒவ்வொரு பதிலுக்கும் தனித்தனியாகவே வரம்பு வைக்கிறது, ஐ.பி. முகவரிவாரியாகக் கூட்டிப் பார்ப்பதில்லை.

ஆகவே வேக வரம்போடு இணைப்புகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வேண்டும். லிமிட்_கான்_ஸோன் கட்டளையால் ஐ.பி. முகவரிகளை எண்ணிவைக்கச் சிறிது நினைவகத்தை ஒதுக்குங்கள். பிறகு பதிவிறக்கக் கோப்புகள் இருக்கும் லொகேஷன் பகுதிக்குள் லிமிட்_கான் கட்டளையை 2 என்று வையுங்கள். அப்போது ஒரு முகவரிக்கு அதிகபட்சம் 800 கிலோபைட்தான். ஆளுக்கு எவ்வளவு என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதை இணைப்புகளின் எண்ணிக்கையால் வகுத்து வேக வரம்பைக் கண்டுபிடிப்பதே சரியான வரிசை.

இந்த எண்ணிக்கை வரம்பைத் தளம் முழுவதற்கும் போட்டுவிடாதீர்கள். ஹெச்.டி.டி.பி. 2-ஆம் பதிப்பில் ஒரே இணைப்புக்குள் பல கோரிக்கைகள் ஒன்றாக வரும். என்ஜின்எக்ஸ் அவை ஒவ்வொன்றையும் தனி இணைப்பாகவே எண்ணுகிறது. வரம்பு 2 என்றால், இருபது படம் உள்ள ஒரு பக்கத்தைத் திறக்கும் சாதாரண வாசகருக்குப் பாதிப் படங்கள் வராமல் போகலாம்.

வரம்பை மீறியவருக்கு என்ஜின்எக்ஸ் தானாக அனுப்புவது 503 என்ற பிழை எண். அதைப் பார்ப்பவர் சர்வர் படுத்துவிட்டது என்று நினைப்பார். லிமிட்_கான்_ஸ்டேட்டஸ் கட்டளையால் அதை 429 ஆக மாற்றுங்கள். 'அளவுக்கு மீறிக் கேட்கிறாய்' என்று சொல்வதற்கென்றே 2012-ல் வரையறுக்கப்பட்ட எண் அது. உடனே அமல்படுத்தத் தயக்கமாக இருந்தால், 1.17.6 முதல் ஒத்திகை முறை ஒன்று உண்டு. அதில் யாரும் தடுக்கப்பட மாட்டார்கள். தடுக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் பதிவேட்டில் மட்டும் பதிவாவார்கள். சில நாள் அப்படி ஓட விட்டுப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் ஒரு கல்லூரியோ அலுவலகமோ முழுவதும் ஒரே பொது ஐ.பி. முகவரியின் பின்னால் இருக்கக்கூடும்; அங்கே நூறு பேருக்கும் சேர்த்து இரண்டு இணைப்பு என்று ஆகிவிடும். ஐ.பி.வி6-ல் நிலைமை தலைகீழ்: ஒருவர் கையிலேயே எண்ணிலடங்கா முகவரிகள் இருக்கும். ஆகவே அங்கே தனி முகவரியை எண்ணாமல், அதன் முதல் 64 பிட்டை எண்ணுவதே பொருள் உள்ள கணக்கு.

உங்கள் சர்வருக்கு முன்னால் வேறொரு ப்ராக்ஸி (வருகைகளை வாங்கி உங்கள் சர்வருக்குக் கடத்தும் இடைச் சர்வர்) நிற்கிறதா என்பதையும் பாருங்கள். நின்றால் எல்லா வருகையும் அந்த ஒரே முகவரியிலிருந்து வருவதாகத்தான் கணக்காகும். ரியல்ஐ.பி. மாட்யூல் உண்மையான முகவரியை எடுத்துத் தரும். ஆனால் உங்கள் ப்ராக்ஸியின் முகவரியை மட்டுமே நம்பச் சொல்லுங்கள். யார் அனுப்பும் தலைப்பையும் (கோரிக்கையோடு வரும் குறிப்பு வரி) நம்பினால், அவரவர் இஷ்டத்துக்கு ஒரு முகவரியை எழுதிக்கொண்டு வரம்பைத் தாண்டிப் போவார்கள்.

போகிற போக்கில் ஒன்று: லிமிட்_ரேட்டில் 400 என்பதற்குப் பின்னால் அந்த 'கே' விடுபட்டால் அது விநாடிக்கு 400 பைட். 700 மெகாபைட் கோப்பு இறங்கி முடிய 21 நாளாகும்.

கேள்வி: அப்பாச்சியிலேயே இருந்துகொண்டு இப்படி எண்ணிக்கை வரம்பு வைக்க முடியாதா?

பதில்: அப்பாச்சியோடு கூடவே வரும் மாட்யூல்களில் அதற்கு நேரான வழி இல்லை. மாட்_க்யூஓஎஸ், மாட்_லிமிட்ஐபிகான் போன்ற வெளி மாட்யூல்களை நிறுவிக்கொள்ள வேண்டும். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ரேட்லிமிட் வடிகட்டி ஒரு துண்டை அனுப்பிவிட்டுச் சற்றுத் தூங்கும், மறுபடி ஒரு துண்டை அனுப்பும். அது தூங்கும்போது அந்தக் கோரிக்கையைக் கவனிக்கும் திரியும் (த்ரெட்: சர்வருக்குள் ஒரு வேலையைச் செய்யும் தனி ஓட்டம்) சேர்ந்தே தூங்குகிறது. விநாடிக்கு 400 கிலோபைட் வேகத்தில் 700 மெகாபைட் கோப்பு இறங்கச் சுமார் அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் அந்தத் திரி வேறு யாருக்கும் உதவாது. ஈவென்ட் என்ற இயக்க முறையில் அப்பாச்சியின் இயல்பான உச்சம் 400 திரிகள். பதிவிறக்குபவர்களே அவை அத்தனையையும் பிடித்துக்கொண்டால், சி.பி.யூ. சும்மா கிடக்கும்போதே உங்கள் முகப்புப் பக்கம் திறக்காமல் நிற்கும். என்ஜின்எக்ஸ் ஒரு நேரங்காட்டியை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். திரி எதையும் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. பதிவிறக்கம் அதிகம் உள்ள தளமென்றால், அப்பாச்சியை அப்படியே விட்டுவிட்டு முன்னால் ஒரு என்ஜின்எக்ஸை நிறுத்தி, பெரிய கோப்புகளை அதனிடம் ஒப்படைப்பதையே நான் சொல்வேன்.

கேள்வி: ஹோஸ்டிங் திட்டத்தில் மாதத்துக்கு இவ்வளவு ஜிகாபைட் என்று கணக்கு. வேக வரம்பு வைத்தால் அது மிச்சமாகுமா?

பதில்: ஆகாது. அதே 700 மெகாபைட் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். பொறுமை இழந்து பாதியில் விட்டுவிடுபவர்களால் வேண்டுமானால் கொஞ்சம் மிஞ்சும். அதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அனுப்பும் பைட்டுகளைக் குறைப்பதுதான் வழி. டிஃப்ளேட் மாட்யூல் பக்கங்களையும் ஸ்டைல் கோப்புகளையும் ஸ்கிரிப்ட்களையும் நன்றாகச் சுருக்கும். ஜேபெக், ஸிப், வீடியோ ஆகியவை ஏற்கெனவே சுருங்கியவை என்பதால் அவற்றை விட்டுவிடுங்கள். எக்ஸ்பையர்ஸ் மாட்யூலால் படங்களுக்கு நீண்ட ஆயுள் கொடுத்தால், திரும்பி வரும் வாசகரின் பிரௌசர் அவற்றைக் கேட்கவே வராது. பிற தளங்கள் உங்கள் படங்களை நேராக இழுத்துக் காட்டுகின்றனவா என்று அணுகல் பதிவேட்டில் ரெஃபரர் (எந்தப் பக்கத்திலிருந்து கோரிக்கை வந்தது என்ற குறிப்பு) பகுதியைப் பாருங்கள். அதை வைத்துத் தடுக்கலாம். போலி ரெஃபரரோடு வருபவரை அது நிறுத்தாது என்றாலும், சாதாரணமாக நடக்கும் கசிவு நின்றுவிடும்.

கேள்வி: என்ஜின்எக்ஸின் லிமிட்_ரெக் கட்டளையும் பேண்ட்விட்த்தை (அனுப்பும் தரவின் அளவை) குறைக்குமா?

பதில்: அது கோரிக்கைகளின் வரத்தை எண்ணுவது, பைட்டுகளை அல்ல. விநாடிக்கு 10 என்று வைத்தால் 100 மில்லிவிநாடிக்கு ஒன்று என்றே என்ஜின்எக்ஸ் கணக்கிடுகிறது. பர்ஸ்ட் அளவு (ஒரே வேளையில் கூடுதலாக எத்தனை கோரிக்கைகளை ஏற்கலாம் என்ற எண்) கொடுக்காவிட்டால் ஒரே நொடியில் சேர்ந்து வரும் இரண்டாவது கோரிக்கையே திருப்பி அனுப்பப்படலாம். லாகின் பக்கத்தை ஓயாமல் தட்டிப் பார்ப்பவர்களுக்கு அது நல்ல கடிவாளம். ஒரே ஒரு கோரிக்கையில் 4 ஜிகாபைட்டை இழுப்பவரை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.