வில்வேட்டைக்கு விலை உயர்ந்த அம்புமுனை அவசியமா?

மிச்சிகனில் அக்டோபர் 1 அன்று தொடங்கும் வெள்ளைவால் மான் வில்வேட்டைக்கு முதன்முறையாகச் செல்கிறீர்கள். மூன்று முனைகளுக்கு 40 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலைச்சீட்டைவிட நேர்த்தியும் கூரும்தான் முக்கியம். முனையை அம்பில் திருகி, மேசைமேல் ஊன்றிச் சுழற்றுங்கள். திருகிய இடம் தள்ளாடினால் குறி தப்பும். இழுத்துப் பிடித்த ரப்பர் வளையத்தில் அலகை மெல்ல வையுங்கள். அழுத்தாமலேயே அறுபட வேண்டும். நான் வாங்கிய மலிவு முனைகள் பெரும்பாலும் இங்கேதான் தோற்றன. கூர் மழுங்கிய முனையால் காயம்பட்ட மான் கைக்குக் கிடைக்காமல் புதருக்குள் போய்ச் சாகும். 20 டாலர் மிச்சம் பிடித்ததற்கு அது பெரிய விலை.

விரியும் அலகுள்ள முனை அகலமாக வெட்டும். ஆனால் விரிவதற்கே விசையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். உங்கள் வில்லின் நாணை முழுதாக இழுக்கத் தேவையான விசை, அதாவது இழுவை, 45 பவுண்டு என்றால் நிலையான அலகே நல்லது. ஜி5 நிறுவனத்தின் மான்டெக் முனை போல ஒரே எஃகுத் துண்டாக வருவதைச் சாணைக்கல்லில் படுக்கவைத்துத் தீட்டிக்கொள்ளலாம். வளையாதவரை அடுத்த பருவத்துக்கும் அதுவே போதும்.

எதை வாங்கினாலும், பயிற்சி முனையின் எடையிலேயே, பெரும்பாலும் 100 கிரெயின் (அம்புமுனையின் எடையை அளக்கும் சிறிய அலகு), வாங்குங்கள்.