வாசகர் கேள்விகள்: குழல்வாய் வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகள்

இங்கிலாந்தில் வாரக்கடைசிகளில் பழைய துப்பாக்கி சுடப் போகிறவன் நான் என்று போன இதழில் எழுதியிருந்தேன். குழலின் வாய்வழியாக வெடிமருந்தையும் ஈயக்குண்டையும் போட்டு, கோலால் கெட்டித்துச் சுடுகிற வகை. அதையொட்டி நிறையக் கடிதங்கள் வந்தன. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட சிலவற்றுக்கு இங்கே பதில்.

பிரிட்டனில் கைத்துப்பாக்கிக்கே தடை என்று படித்தேன். உங்களை மட்டும் எப்படி விடுகிறார்கள்? (சென்னை வாசகர்)

1996-ல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊரில், ஒரு பள்ளிக்கூடத்தில் புகுந்தவன் 16 குழந்தைகளையும் அவர்களுடைய ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அடுத்த வருஷம் வந்த சட்டங்கள் கைத்துப்பாக்கியை ஏறக்குறைய முழுவதுமாகத் தடை செய்தன. விலக்குப் பெற்ற சிலவற்றில் வாய்வழி கெட்டிக்கும் வகையும் ஒன்று. ஒரு தடவை நிரப்பவே ஒரு நிமிஷம் ஆகிற ஆயுதம் அது.

விலக்கு என்றால் இஷ்டம்போல் என்று அர்த்தமில்லை. பழம்பொருளாகச் சுவரில் மாட்டி வைக்க லைசென்ஸ் தேவையில்லை. சுட வேண்டுமென்றால் போலீஸிடம் துப்பாக்கிச் சான்றிதழ் வாங்க வேண்டும். மருந்துக்கு இன்னொரு சான்றிதழ். மருந்தை வைக்க மரப்பெட்டி வேண்டும். அறை அறையாகத் தடுத்து, ஓர் அறைக்கு ஒரு டப்பா, டப்பாவில் 550 கிராமுக்கு மேல் கூடாது. என் பெட்டியை 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் நானே செய்தேன். இரும்புப் பெட்டி இன்னும் பத்திரமில்லையா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். தீப்பிடித்தால் இரும்பு உள்ளேயே அழுத்தத்தை அடக்கிவைத்து வெடிகுண்டாகிவிடும். மரம் உடைந்து வழிவிடும்.

1857-ல் சிப்பாய்கள் தோட்டாவைக் கடிக்க மறுத்தார்கள் என்று பள்ளியில் படித்தோம். தோட்டாவை எதற்குக் கடிக்க வேண்டும்? (மதுரை வாசகர்)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அது இன்றைய பித்தளைத் தோட்டா மாதிரி கிடையாது, காகிதச் சுருள். ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் ஈயக்குண்டு. 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிளுக்கு இரண்டரை டிராம் மருந்து, அதாவது சுமார் நாலரை கிராம். சிப்பாயின் இடது கை துப்பாக்கியைப் பிடித்திருக்கும். வலது கையில் தோட்டா. கிழிப்பதற்கு மிச்சமிருப்பது பல்தான். மருந்துப் பக்கத்து முறுக்கைக் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலுக்குள் கொட்டுவார்கள். பிறகு சுருளைத் தலைகீழாகத் திருப்பி, குண்டு இருக்கிற முனையைக் குழல் வாயில் நுழைத்து, மேலே நிற்கிற காகிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, கோலால் அடிவரை தள்ளுவார்கள். அப்புறம் நிப்பிள் மேல், அதாவது குழலின் அடியில் துருத்தி நிற்கிற துளையிட்ட சிறு முளையின் மேல், ஒரு செம்புக் கேப். நம் தீபாவளிக் கேப் போலவே, தட்டினால் பொறி பறக்கும் பொருள்தான் அதற்குள்ளும் இருக்கிறது.

சரி, கொழுப்பு எதற்கு? அதற்கு முந்தைய பிரவுன் பெஸ் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும், குண்டு தளர்வாக இறங்கிவிடும். என்ஃபீல்டில் மூன்று சுழல் பள்ளங்கள் உண்டு. குண்டுக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. அந்தக் காலத்துக் கறுப்பு வெடிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் கரியாகவும் உப்பாகவும்தான் மிஞ்சும். தொடர்ந்து சுட்டால் அது குழலுக்குள் அப்பிக்கொண்டு, அடுத்த குண்டு பாதி வழியில் நின்றுவிடும். வழுக்கிக்கொண்டு இறங்கத்தான் குண்டுப் பக்கத்துக் காகிதத்தைக் கொழுப்பில் தோய்த்தார்கள்.

தோட்டாவைக் கையில் சுருட்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும்: கடிக்கிற முனை வேறு, கொழுப்புத் தடவிய முனை வேறு. ஆனால் பத்துப் பத்தாகக் கட்டிய பொட்டலத்தில், வட இந்திய வெயிலில், உருகிய கொழுப்பு எங்கேதான் பரவாது? வாய்வரை போக வேண்டியதில்லையே, விரலில் பட்டாலே போதாதா? மாட்டுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்று கேட்டவர்களுக்கு, இரண்டும் இல்லை என்று உறுதி சொல்லும் நிலையில் அரசாங்கம் இல்லை. கொள்முதல் செய்தபோது யாரும் பார்க்கவில்லை. பிறகு கையாலேயே கிழிக்கலாம் என்று பயிற்சி முறையை மாற்றினார்கள். சந்தேகம் போகவில்லை. மீரட்டில் ஏப்ரல் 24 அன்று குதிரைப்படையினர் 90 பேரில் 85 பேர் வாங்க மறுத்தது புது என்ஃபீல்டு தோட்டாவைக்கூட இல்லை, எப்போதும் பயன்படுத்திவந்த பழைய தோட்டாவை. நம்பிக்கை அந்த அளவுக்கு அறுந்து போயிருந்தது. அந்தச் சிப்பாய்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று எழுதுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

நான் தேன்மெழுகில் ஆலிவ் எண்ணெய் கலந்து பூசுகிறேன். குண்டு அருமையாக இறங்குகிறது.

எங்கள் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி பரணில் கிடக்கிறது. துருவைத் தேய்த்துவிட்டு ஒரு தரம் சுட்டுப் பார்க்கலாமா? (சத்தியமங்கலம் வாசகர்)

வேண்டாம். துருவைத் தேய்க்கவும் வேண்டாம்.

உள்ளே மருந்து இருக்கலாம். பன்றி வரும் என்று கெட்டித்து வைத்துவிட்டு, பன்றி வராமல், அப்படியே மூலையில் சாத்திய துப்பாக்கிகள் உலகம் முழுக்க உண்டு. ஈரம் படாத கறுப்பு மருந்து நூறு வருஷம் கழித்தும் எரியும். நாங்கள் எந்தப் பழைய துப்பாக்கியைக் கையில் வாங்கினாலும் முதல் வேலையாகக் கோலை உள்ளே விட்டு, வாயருகே விரலால் அடையாளம் பிடித்து, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டிவைத்துப் பார்ப்போம். கோல் அடிவரை எட்டாமல் மூன்று நான்கு விரற்கடை முன்னாலேயே நின்றிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம். நெருப்பு, வெல்டிங், டிரில் எதுவும் அதன் பக்கத்தில் போகக் கூடாது.

சட்டமும் இருக்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தில் பழசு என்பதற்காக மட்டும் விலக்குக் கிடைக்காது. பழுது பார்த்தாலும் சுட முடியாது என்கிற நிலையில் இருக்க வேண்டும். மற்றபடி வாய்வழித் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும். தாத்தா பெயரில் லைசென்ஸ் புத்தகம் இருக்கிறதா என்று தேடுங்கள். வக்கீல் ஒருவரைப் பார்த்து, அவர் மூலமாகப் போலீஸுக்குத் தகவல் கொடுங்கள். தயவுசெய்து சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள்.

தோளில் பயங்கரமாக இடிக்குமா? (கோவை வாசகி)

இடிக்காது, தள்ளும். நவீன ரைஃபிள் போல வெடுக்கென்று உதைக்காது. பயப்பட வேண்டியது மருந்து போடும்போதுதான். முந்தைய தடவை சுட்ட காகிதத்துணுக்கு ஏதாவது கனன்றுகொண்டிருந்தால், மேலே ஊற்றுகிற மருந்து பற்றிக்கொள்ளும். அதனால் எங்கள் ரேஞ்சில் யாரும் மருந்துக் குடுவையிலிருந்து நேராக ஊற்ற மாட்டார்கள்; வீட்டிலேயே அளந்து சின்னக் குப்பிகளில் கொண்டு வந்துவிட வேண்டும். பற்றினாலும் ஒரு குப்பியோடு போகும். குழல் வாய்க்கு மேலே தலையை நீட்டவும் கூடாது. குண்டு மருந்தின் மேல் நன்றாக உட்கார வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் குழல் புடைத்துப்போகும், வெடிக்கவும் செய்யும்.

சுடுகிற நேரத்தைவிடக் கழுவுகிற நேரம்தான் அதிகமாமே, அலுக்காதா? (சிங்கப்பூர் வாசகர்)

அலுக்காது. துப்பாக்கியை நன்றாகத் தெரிந்துகொள்வது அப்போதுதான். நிப்பிளில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையை வெந்நீர் வாளியில் போட்டு, துணி சுற்றிய கோலைக் குழலில் ஏற்றி இறக்கினால் தண்ணீர் உள்ளே போய்ப் போய் வரும். முதல் வாளி கன்னங்கரேலென்று அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும். அது கந்தகத்தின் வேலை. துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை விடக் கூடாது. வெந்நீர்ச் சூட்டில் இரும்பு தானாகவே காயும்; காய்ந்ததும் எண்ணெய். மிஞ்சிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் விடிவதற்குள் துரு ஏறிவிடும். 160 வருஷம் பலர் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிக் கொடுத்த குழலை ஒரே ராத்திரியில் கெடுக்க யாருக்கும் உரிமை கிடையாது.

சேகரிக்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது? (தஞ்சாவூர் வாசகர்)

இந்தியாவில் இருப்பதால் வாங்குவதைவிடப் பார்ப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதப் பகுதியில் இருப்பவற்றில் பல, உங்கள் ஊர் அரண்மனை ஆயுதக்கிடங்கிலிருந்து வந்தவைதான். அடுத்த தடவை சென்னைக்கு வந்தால் ஒரு மதியம் ஒதுக்குங்கள்.

குதிரை, அதாவது விசையை அழுத்தினால் விழுந்து தட்டுகிற சுத்தி, பொருந்தியிருக்கிற பக்கத்தகட்டை முதலில் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனித் துப்பாக்கிகளில் முதலில் இதய வடிவ முத்திரை, பின்னாளில் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கிற சிங்கம். என்ஃபீல்டில் கிரீடமும் வருஷமும். முத்திரையின் ஓரங்கள் கூர்மையாக இருந்தால் நல்லது. மழுங்கி, தகடு பளபளவென்று மின்னினால் யாரோ பாலிஷ் போட்டுச் சரித்திரத்தைத் தேய்த்து எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கிற, சுடவும் ஆசைப்படுகிற வாசகர்களுக்கு: இத்தாலியின் வால் டிரோம்பியா பள்ளத்தாக்கில் உள்ள கார்டோனே ஊரில் இந்தப் பழைய மாதிரிகளை இன்றும் புதிதாகச் செய்து, சோதனை முத்திரையோடு விற்கிறார்கள். அதில் பழகுங்கள். அசலைத் துப்பாக்கி மெக்கானிக் குழலுக்குள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே சுடலாம்.