பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை: கேட்டதும் சொன்னதும்

திசையன்விளைக்காரர்: அண்ணாச்சி, கோட்டை என்றால் மலைமேல் இருக்கும் என்கிறான் என் மகன். பாஞ்சாலங்குறிச்சியில் ஒரு குன்றுகூட இல்லையே?

இல்லைதான். ஒட்டப்பிடாரத்தைச் சுற்றி எல்லாம் வெட்டவெளி. மலை பார்க்க வேண்டுமென்றால் தம்பியைக் கழுகுமலைக்குக் கூட்டிப் போங்கள். இங்கே முயல் நாயை விரட்டியதாம், வீரம் விளைந்த மண் என்று அங்கேயே கோட்டை கட்டினார்களாம். கதைதான், ஆனால் ஊரில் கேட்டால் சத்தியம் பண்ணுவார்கள்.

கயத்தாற்று அக்கா: வெறும் மண் சுவர் பீரங்கியை எப்படித் தாங்கியது?

மண்ணாக இருந்ததால்தான் தாங்கியது. கல்லில் குண்டு பட்டால் விரிசல் ஓடும். கனத்த மண்சுவரில் குண்டு போய்ப் புதைந்துகொள்ளும். ஓட்டை விழுந்தால் ராத்திரியோடு ராத்திரியாக அப்பி மூடிவிடலாம். 1799 செப்டம்பர் 5 அன்று கிழக்கிந்தியக் கும்பெனித் தளபதி பானர்மேனின் படை முட்டிப் பார்த்துத் திரும்பியது. அப்புறம்தான் கட்டபொம்மன் வெளியேறினார். அக்டோபர் 16, உங்கள் ஊரில் தூக்கு. கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

கோவில்பட்டித் தம்பி: கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை ஒரே வாரத்தில் திரும்பக் கட்டினாராமே, நம்பலாமா?

நம்பலாம். சொன்னது எதிராளி. 1801 பிப்ரவரி 2 இரவு, கும்பெனி அதிகாரிகள் தங்கள் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் இருந்த நேரம், ஊமைத்துரையும் கூட்டத்தாரும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். பிடிக்கப் போன படை 9ஆம் தேதி போய்ச் சேர்ந்தால், மட்டமாக இடித்த சுவர் எழும்பி நிற்கிறது, மேலே சுமார் 1500 பேர். திகைத்துப் போனோம் என்று அந்தப் படையில் இருந்த வெல்ஷ் என்ற அதிகாரியே எழுதியிருக்கிறார். கல்கோட்டையாக இருந்தால் கல் உடைக்கவே மாதக்கணக்கு ஆகியிருக்கும். இது காலடி மண். குழைத்து ஏற்ற ஊரே கைகொடுத்தால் போதும். மார்ச் 31இல் திரும்பவும் முட்டினார்கள், அதுவும் பலிக்கவில்லை. பெரிய பீரங்கிகளோடு கும்பெனித் தளபதி அக்னியூ வந்த பிறகு, மே 24இல்தான் கோட்டை விழுந்தது. இந்தத் தடவை இடித்ததோடு விடாமல் உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பார்கள். நவம்பரில் ஊமைத்துரையைத் தூக்கிலிட்டதும் அதே பாஞ்சாலங்குறிச்சியில்தான்.

திசையன்விளைக்காரர்: சரி, இப்போது நிற்கிற கோட்டை?

அது அரசாங்கம் 1974இல் கட்டிய நினைவுக்கோட்டை. பளிச்சென்று இருக்கும், போட்டோவுக்கு நல்லது. எனக்கு அதைவிடப் பக்கத்தில் கிடக்கும் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகள்தான் முக்கியம். உங்கள் மகனுக்கு அதையும் காட்டுங்கள். நிழல் கிடையாது, காலையிலேயே போய்விடுங்கள்.