காலைத் தலைவலி, வாந்தி: எலும்புப் புற்றுநோய் மூளைக்குப் போயிருக்குமா?

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். 17 வயது மகனுக்கு முழங்காலுக்கு மேலே ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய். எலும்பை எடுத்து உலோக மூட்டு வைத்திருக்கிறார்கள், கீமோ நடக்கிறது. 4 நாட்களாகக் காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. சேலம் போய்வந்த அலைச்சல்தான் என்கிறார்கள். நோய் மூளைக்குப் போயிருக்குமா டாக்டர்?

பதில்: அம்மா, மலைப்பாதை வாந்தி வண்டியை விட்டு இறங்கிய சில மணி நேரத்தில் அடங்கிவிடும். 4 நாள் நீடிக்காது. படுத்து எழுந்ததும் வரும் தலைவலியும் வாந்தியும் மண்டைக்குள் அழுத்தம் கூடியதால் இருக்கலாம். அடுத்த கீமோ தேதிவரை காத்திருக்க வேண்டாம், இன்றே கூட்டிப்போங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். உங்கள் புற்றுநோய் மருத்துவருக்கும் போனில் சொல்லிவிடுங்கள்.

இந்த நோய் ரத்தத்தின் வழியே பரவி, பெரும்பாலும் முதலில் நுரையீரலில்தான் தங்கும். மூளைக்குப் போவது அரிது. அதுவும் அநேகமாக நுரையீரலில் கட்டி வந்த பிறகே. கடைசி நெஞ்சு சிடி சுத்தமாக இருந்தால் பயம் குறையும். ஆனாலும் தலை ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும்.

ஏனென்றால் கீமோவும் இப்படிக் காட்டும். மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்தை அதிக அளவு ஏற்றிய 2 வாரத்துக்குள் பேச்சு குழறலாம், ஒரு பக்கக் கைகால் விழலாம். பலருக்கு இது தானாகச் சரியாகிவிடும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ரத்தத்தில் மக்னீசியம், சோடியத்தைக் குறைத்து வலிப்பைக் கொண்டுவரலாம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்தால் மூளைக்குள் ரத்தம் கசியலாம். அதனால் எந்த மருந்து, எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுதிய கீமோ ஃபைல் கையில் இருக்கட்டும்.

முதலில் சிடி, ரத்தக்கசிவு உடனே தெரிந்துவிடும். பிறகு சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, படம் தெளிவாகத் தெரிவதற்கான மருந்து செலுத்தி எம்ஆர்ஐ. உலோக மூட்டு இருந்தாலும் பெரும்பாலும் எம்ஆர்ஐ எடுக்கலாம். மூட்டின் கார்டைக் காட்டுங்கள்.

ஒற்றைக் கட்டியாக இருந்தால் அறுவை சிகிச்சை, அல்லது கட்டியை மட்டும் குறிவைக்கும் கதிர்வீச்சு. பல கீமோ மருந்துகள் மூளைக்குள் சரியாகப் போய்ச் சேர்வதில்லை என்பதால் இவை முக்கியம். மூளை வீக்கம் குறைய டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து தருவார்கள். அதை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம். ரத்தக்கசிவும் மெத்தோட்ரெக்சேட் நஞ்சும் கூடும். பாராசிட்டமால் கொடுக்குமுன் காய்ச்சல் பாருங்கள். கீமோ நேரத்தில் 38 டிகிரி செல்சியஸ் தாண்டினால் அதுவே அவசரம்.

வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், சாவி தேட வேண்டாம், எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி வண்டி வர நேரமாகும். ஆகவே 5 நிமிடத்தில் நிற்காத வலிப்புக்கு, மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரேயை எடைக்கேற்ற அளவில் இப்போதே எழுதி வாங்கி வீட்டில் வையுங்கள்.