சிரித்தால் கால் துவள்கிறது, பகலெல்லாம் தூக்கம்: எட்டு வயது மகளுக்கு என்ன நோயாக இருக்கும்?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: மகளுக்கு எட்டு வயது. வகுப்பில் தூங்கி வழிகிறாள், சிரிக்கும்போது கால் மடங்கி விழுகிறாள். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி சோதனை சரியாக இருக்கிறது. ஆறு மாதமாக வலிப்பு மாத்திரை கொடுத்தும் விழுவது நிற்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை நான் கேட்டிருப்பேன், கேட்க ஓர் இடம் தெரிந்திருந்தால்.

நான் மருத்துவர் இல்லை. அம்பாசமுத்திரம் பக்கத்தில் பள்ளி ஆசிரியை. என் மகனுக்கு இப்போது பதின்மூன்று வயது. எட்டில் தொடங்கியது, பத்தில்தான் பெயர் தெரிந்தது: பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நார்கோலெப்சி, கூடவே சிரிப்பு போன்ற உணர்ச்சியில் தசை திடீரென்று துவளும் கேட்டப்ளெக்சி. இடையில் போன இரண்டு வருடமும் ஒரே ஒரு கேள்வியை யாரும் கேட்காததால் போனவை. விழுவதற்கு முந்தைய நொடியில் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தான்? வந்தவர்கள் எல்லோரும் விழுந்த பிறகு என்ன ஆனது என்றுதான் கேட்டார்கள். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் விழுந்தது எங்கள் சுடலைமாடன் கோயில் கொடையில். கணியான் கூத்தில் மகுடம் அடிப்பவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, பையன் சிரித்தான். அடுத்த நொடி தலை தொங்கி, வாய் திறந்து, நாக்கு வெளியே வந்து, முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். பிள்ளைக்குச் சாமி வந்திருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் திருநீற்றை அள்ளிப் பூசினார்கள். அரை நிமிடத்தில் எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு மந்திரித்தோம், கயிறு கட்டினோம். பிறகு ஒரு மருத்துவர் வலிப்பு என்றார். அவர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் கூடியது, எடையும் கூடியது. எடை ஏற்கனவே ஏறிக்கொண்டுதான் இருந்தது. நான்கு மாதத்தில் ஆறு கிலோ. சோறும் சொதியுமாகச் சாப்பிட்டால் தூக்கம் வராதா என்று நான் என் அத்தையையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த நோய் தொடங்கும் காலத்தில் குழந்தைகள் மளமளவென்று குண்டாவது வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. பாவம், அத்தை.

திருப்பம் வந்தது வீட்டுத் திண்ணையில். அத்தை ஒரு பழைய கதையைச் சொல்ல, இவன் சிரித்துத் துவண்டு பாயில் சரிந்தான். கண் பாதி மூடியிருந்தது. "ஏல, முறுக்கு எல்லாம் தீர்ந்துபோச்சு" என்று அத்தை சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். நாக்கு எழும்பியதும் அவன் கேட்ட முதல் கேள்வி: "ஆச்சி, முறுக்கை யார் தின்றது?" நினைவு தப்பும் வலிப்பாக இருந்தால் முறுக்குச் செய்தி காதில் விழுந்திருக்காது. உடல் மட்டும் அறுந்து விழுகிறது, உள்ளே பிள்ளை முழு விழிப்பில் கிடக்கிறான். அன்றைக்குத்தான் கைப்பேசியில் படம் எடுக்கத் தொடங்கினேன். அடுத்துப் போன நரம்பியல் மருத்துவர் அந்தப் படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு, "சிரித்தானா?" என்று கேட்டார்.

ஒரு எச்சரிக்கை. குழந்தைகளிடம் எல்லாம் சிரிப்போடுதான் வரும் என்று நினைக்க வேண்டாம். தொடங்கிய முதல் மாதங்களில் எந்தக் காரணமும் இல்லாமலே முகம் தொங்கி, இமை சரிந்து, நடை தள்ளாடலாம். பள்ளியில் இதை நடிப்பு என்பார்கள். நானும் ஆசிரியைதான், தூங்கிய பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்தவள்தான். இரவில் அமுக்குவான் அமுக்குகிறது, அறையில் யாரோ நிற்கிறார்கள் என்று மகள் சொன்னால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்துக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் கனவு விழிப்போடு கலந்துவிடுவதால் அது நேர்கிறது. பகலெல்லாம் தூங்கும் இந்தப் பிள்ளைகளுக்கு இரவுத் தூக்கம் துண்டு துண்டாகத்தான் இருக்கும்.

மூளையில் ஹைப்போதலாமஸ் பகுதியில் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் உண்டு. அது சுரக்கும் பொருளை 1998இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்ததால் ஒரெக்சின், ஹைப்போக்ரெட்டின் என்று இரண்டு பெயர். கேட்டப்ளெக்சியோடு வரும் நார்கோலெப்சியில் இந்த அணுக்கள் அழிந்துபோகின்றன. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே அவற்றைத் தாக்குகிறது என்பதுதான் வலுவான கருத்து. கனவுத் தூக்கத்தில் நம் எல்லோருக்கும் தசைகள் தளர்ந்து கிடக்கும். அந்தத் தளர்ச்சி விழிப்புக்குள் வழுக்கி வந்துவிடுவதுதான் கேட்டப்ளெக்சி. தடுப்பூசியால் வந்ததா என்று உறவினர் யாராவது கிளப்புவார்கள். 2009-10இல் பன்றிக்காய்ச்சலுக்குப் போட்ட பாண்டெம்ரிக்ஸ் என்ற ஒரு தடுப்பூசிக்குப் பிறகு பின்லாந்து, ஸ்வீடன் நாடுகளில் குழந்தைகளிடம் இந்நோய் கூடியது உண்மை. அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. அதைக் காட்டி மற்றத் தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனிப் பரிசோதனை. எங்களை மதுரைக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் இரண்டு வாரம் தூங்கிய நேரம், எழுந்த நேரம் எல்லாம் நோட்டில் எழுதச் சொன்னார்கள். முதல் இரவு தலையிலும் முகத்திலும் பசை தடவி வயர்களை ஒட்டி முழு இரவுத் தூக்கத்தைப் பதிவு செய்தார்கள். மறுநாள் இரண்டு மணி நேர இடைவெளியில் ஐந்து குட்டித் தூக்கம். இடைப்பட்ட நேரத்தில் பிள்ளையைத் தூங்க விடக்கூடாது, அதுதான் பெரும்பாடு. பாம்புக் கட்டம் ஆடி ஆடி எனக்கே கண் சொருகியது. சராசரியாக எட்டு நிமிடத்துக்குள் தூங்கி, இரண்டு முறையாவது பதினைந்து நிமிடத்துக்குள் கனவுத் தூக்கத்துக்குப் போனால் நார்கோலெப்சிக்கு வலுவான சான்று. முந்தைய இரவில் அப்படிப் போனதையும் ஒன்றாகக் கணக்கில் சேர்ப்பார்கள். என் மகன் சராசரியாக மூன்று நிமிடத்தில் தூங்கினான், நான்கு முறை கனவுக்குள் போனான். முந்தைய இரவு சரியாகத் தூங்காமல் போனாலும், மனச்சோர்வுக்கான மாத்திரை ஏதாவது உடலில் இருந்தாலும் முடிவு தவறும். அந்த மாத்திரைகளை எத்தனை நாள் முன்னால் எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், வலிப்பு மாத்திரையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரத்தத்தில் ஒரு மரபணு வகையையும் பார்ப்பார்கள். இந்நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது இருக்கும். நோயே இல்லாத பலருக்கும் இருக்கும். எனவே அது மட்டும் சாட்சியாகாது. முதுகுத்தண்டு நீரில் ஹைப்போக்ரெட்டின் மில்லிலிட்டருக்கு 110 பிகோகிராம் அல்லது அதற்கும் குறைவு என்றால் சந்தேகம் தீர்ந்தது. எங்களுக்கு அந்த ஊசி தேவைப்படவில்லை.

நோயை வேரோடு பிடுங்கும் மருந்து இதுவரை இல்லை. காலையில் விழிப்புக்கு மொடாஃபினில், விழுவதைத் தடுக்க வென்லாஃபாக்சின், இரண்டையும் குறைந்த அளவில் தொடங்கினோம். முதல் மருந்தில் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். சில பிள்ளைகளுக்கு மெதில்ஃபெனிடேட் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் சோடியம் ஆக்சிபேட் என்ற இரவு மருந்துக்கு 2018இல் ஏழு வயது முதல் அனுமதி கொடுத்தார்கள். நாங்கள் அதைப் பயன்படுத்தியதில்லை.

வென்லாஃபாக்சினைப் பற்றி ஒரு சொந்த முட்டாள்தனம். அடுத்த கொடைக்குப் போனபோது மாத்திரை அட்டையை வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டேன். இரண்டு நாள்தானே என்று இருந்தேன். இரண்டாம் நாள் மாலை, எண்ணிப் பார்த்து முப்பதுக்கு மேல் விட்டுவிட்டேன், அத்தனை முறை சரிந்தான். திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்திருந்த கேட்டப்ளெக்சி மொத்தமாகத் திரும்பும். இப்போது என் கைப்பையில் ஒரு அட்டை, பள்ளியில் ஒரு அட்டை.

மாத்திரையோடு சேர்ந்து உதவுவது திட்டமிட்ட குட்டித் தூக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆசிரியர் அறையில் ஒரு ஜமுக்காளம், இருபது நிமிடம், பிறகு முகம் கழுவி வகுப்பு. இதற்குத் தலைமையாசிரியரிடம் மருத்துவர் கடிதத்தோடு மூன்று முறை பேச வேண்டியிருந்தது. தாமிரபரணியில் குளிக்க விடுவேன், ஆனால் படித்துறையில் கையெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். தண்ணீரில் பிள்ளைகள் சிரிக்காமல் குளிப்பதில்லை. சிரிக்காதே என்று மட்டும் மகளிடம் சொல்லிவிடாதீர்கள். நான் ஒரு மாதம் சொன்னேன். பையன் அத்தையிடம் கதை கேட்பதையே விட்டுவிட்டான், திரும்ப உட்கார வைக்க நாளாயிற்று.

அடுத்த முறை மகள் சரிந்தால் தலையைத் தாங்கிக்கொள்ளுங்கள், வீட்டில் ஒருவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள், காதருகே சம்பந்தமில்லாத ஒரு சொல்லைச் சொல்லுங்கள். எழுந்ததும் அந்தச் சொல்லைக் கேட்டுப் பாருங்கள். அது மட்டுமே நோயை முடிவு செய்யாது. ஆனால் சரியாகச் சொன்னால், படத்தோடு அதையும் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லி, தூக்கப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.