சத்தமில்லாமல் போகும் தண்ணீர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் ஷவர், குழாய் எல்லாவற்றையும் தண்ணீர் மிச்சம் பிடிக்கும் மாடலாக மாற்றலாம் என்றிருக்கிறேன். எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: கடைக்குப் போவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முதலில் எங்காவது ஒழுகுகிறதா என்று பார்த்துவிடலாம். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் இல்லையென்றால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் வரும் வழியை அடைத்துவிட்டு, நீர்மட்டம் நிற்கிற இடத்தில் உள்சுவரில் ஒரு கோடு போட்டு வையுங்கள். காலையில் யாரும் குழாயைத் தொடும்முன் போய்ப் பாருங்கள். (நடுராத்திரி யாராவது எழுந்து கழிவறைக்குப் போனால் கணக்கு கெட்டுவிடும், சொல்லி வையுங்கள்!)

அளவு மாறியிருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஃபிளஷ் டேங்கைத்தான். சொட்டுகிற குழாய் ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும், இது சத்தமே போடாது. மூடியைத் திறந்து, தண்ணீர் நடுக்குழாயின் வாய்வரை ஏறி உள்ளே வழிகிறதா என்று பாருங்கள். வழிந்தால் மிதவையைக் கொஞ்சம் இறக்கினால் போதும். வழியவில்லையா, உணவில் சேர்க்கும் கலரைக் கொஞ்சம் டேங்கில் போட்டு, ஃபிளஷ் செய்யாமல் கால் மணி நேரம் விடுங்கள். கீழே பீங்கானில் கலர் எட்டிப் பார்த்தால் டேங்கின் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், அதை மட்டும் மாற்றுங்கள்.

அப்புறம் ஷவர். கீழே வாளியை வைத்து ஒரு நிமிடம் திறந்துவிட்டு அளந்து பாருங்கள். 10 லிட்டருக்கு மேல் வந்தால் மாற்றுவதில் லாபம் உண்டு, 7 லிட்டர்தான் வருகிறதென்றால் விட்டுவிடுங்கள். குழாய் முனையில் திருகும் ஏரேட்டர் (தண்ணீரோடு காற்றைக் கலந்துவிடும் சிறு வலை) கை கழுவும் இடத்துக்கு நல்லது. வாளி நிரப்பும் குழாயில் மாட்டினால் வாளி மெதுவாக நிரம்புமே தவிர ஒரு சொட்டுகூட மிச்சமாகாது.

கேள்வி: தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டும் செலவாகும் தண்ணீர் குறையவில்லையே, ஏன்?

பதில்: தினமும் திறந்துவிடுகிறீர்களா? மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் (தண்ணீர் சொட்டும் சிறு முனை) 40 இருந்தால், ஒரு மணி நேரத்தில் 160 லிட்டர் போய்விடும். சொட்டாக விழுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். டைமரை நம்பாதீர்கள், நேற்று மழை பெய்தது அதற்குத் தெரியாது. செடிக்குப் பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு மண்ணைத் தோண்டிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் வேரும் மேலேயே நின்றுவிடும், வெயில் ஏறினால் முதலில் வாடுவது அந்தச் செடிதான். காய்ந்த சருகை 5 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள், தண்டில் ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி.

குழாயையும் மாதம் ஒருமுறை நடந்து பாருங்கள். என் தோட்டத்தில் ஒரு மூலைச் செடி மட்டும் தளதளவென்று வளர்ந்தபோது நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் அதன் அடியில் இணைப்பு கழன்று கிடந்தது.

கேள்வி: மழைநீர்த் தொட்டி எத்தனை லிட்டரில் வைக்கலாம்?

பதில்: ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 80 சதுர மீட்டர் கூரையென்றால் 10 மி.மீ. மழைக்கு 800 லிட்டர், அதில் கொஞ்சம் கூரையிலேயே நின்றுவிடும். ஆனால் தொட்டியின் அளவைவிட, அடுத்த மழைக்குள் அதைச் செலவழிப்பீர்களா என்பதுதான் முக்கியம். நிறைந்திருக்கும் தொட்டியில் புது மழையைப் பிடிக்க முடியாது.